தலைப்பில்லாத ஆறாவது கட்டம்

போன மாதம் ஒரு இளைஞரும் ஒரு இளம்பெண்ணும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவமனையின் தோல் பிரிவில் இப்போது ஆலோசகர்களாக இருப்பவர்கள். முகத்திலோ கையிலோ தழும்பு, வெண்புள்ளி, பிறவிக் குறி என்று வெளியே தெரிகிற ஏதோ ஒன்று இருந்து, அதனாலேயே நாலு பேர் முன்னால் வரப் பயப்படுகிறவர்களுக்காக நாங்கள் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருந்தோம். அதை மொபைல் ஆப் ஆக்கப் போகிறார்களாம். அதற்காகத்தான் என்னைப் பார்க்க வந்தார்கள்.

"சார், அஞ்சு கட்டத்துக்கும் ஹெட்டிங் இருக்கு. ஆறாவது கட்டம் மட்டும் எம்ப்டியா கோடு போட்டு விட்டிருக்கீங்க. பிரிண்டிங் மிஸ்டேக்கா? எடுத்துடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள். யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. அதனால் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எடுப்பதா வைப்பதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

என் வேலை சைக்கிளில் ஆரம்பித்தது. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் வீடு வீடாகப் போய், யார் உடம்பிலாவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அனகாபுத்தூர், பொழிச்சலூர், பம்மல் என்று நான் மிதிக்காத சந்து கிடையாது. அதற்குப் பிறகு தபாலில் சமூகப் பணி படித்தேன். அதை வைத்துக்கொண்டு அந்தத் தொண்டு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே தோல் பிரிவின் தலைவராக இருந்தவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். நான் கற்றுக்கொண்டது என்று ஏதாவது இருந்தால் அது அவரிடம்தான்.

டாக்டரம்மா அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதெல்லாம் இல்லை. ஒரே உயரத்தில் மூன்று மர நாற்காலிகள் இருக்கும். வருகிறவர் உட்கார்ந்ததும், "நான் இப்போ உங்க முகத்தை டாக்டரா பார்க்கப் போறேன். ஒரு நிமிஷம் ஆகும். முடிஞ்சதும் சொல்றேன்" என்பார். டார்ச் அடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, விரலால் அழுத்தி, அவசரமில்லாமல் பார்ப்பார். பிறகு "முடிஞ்சது" என்று டார்ச்சை அணைத்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வார். அதன் பிறகு வந்தவரின் கண்ணைப் பார்த்துத்தான் பேச்சு. எனக்கு அது வர ரொம்ப நாளாயிற்று. நான் கண்ணைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான்: "அப்புறம்?" நோயாளி அழுதாலும் அதுதான், சிரித்தாலும் அதுதான். எங்களையும் அப்படித்தான் கேட்பார். அந்த அறையில் "பாவம்" என்ற சொல்லுக்குத் தடை. சேர்ந்த புதிதில் ஒருமுறை என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "ஞானராஜ், அதை பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வெச்சிட்டு வாங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மறந்திருப்பேன்.

புதிதாகச் சேரும் ஆலோசகர்களுக்கு அவர் ஒரு வேலை வைப்பார். கன்னத்தில் லிப்ஸ்டிக்கால் உள்ளங்கை அளவு பூசிக்கொண்டு தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயிலில் போய்த் திரும்ப வேண்டும். லிப்ஸ்டிக் வாங்கக் கடைக்குப் போகக் கூச்சப்பட்டு நான் ஒரு காரியம் செய்தேன். கட்டுப் போடும் அறையில் ஜென்ஷியன் வயலட் பாட்டில் இருந்தது, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து. பஞ்சில் தொட்டு இடது கன்னம் முழுக்கத் தடவிக்கொண்டேன். நிறம் பிரமாதமாகப் பிடித்தது. அது சீக்கிரத்தில் போகாது என்பது எனக்குத் தெரியும். தோல் பிரிவில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ரயிலில் எல்லோரும் பார்த்தார்கள். எதிரில் இருந்த ஒருவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். ஒரு அம்மா, "இன்னாப்பா, சுடுதண்ணி கொட்டிக்கினியா?" என்று பெட்டிக்கே கேட்கும்படி விசாரித்தார். நான் வியர்த்துப் போய்த் திரும்பி வந்து டாக்டரம்மாவிடம், "எல்லாரும் பார்த்தாங்க மேடம்" என்றேன்.

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... பல்லாவரம் வந்துடுச்சு. இறங்கிட்டேன்."

"ம்" என்றார். பாடம் அதுதானா, இன்னும் ஏதாவது சொல்வாரா என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனியின் கல்யாணம். பொழிச்சலூர் சர்ச்சில் எடுத்த படத்தில் நான் ஊதாக் கன்னத்தோடு நிற்கிறேன். என் மனைவி சுகந்தி அந்தப் படத்தை இன்றும் யாருக்கும் காட்டுவதில்லை.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். மொத்தம் நாற்பது பக்கம். ஆங்கிலத்தில் இருந்த மாதிரிகளைப் பார்த்து டாக்டரம்மா சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதியது. தனக்குத் தானே செய்துகொள்ளும் சிகிச்சை என்பதுதான் அதன் அடிப்படை. முதலில், எந்தெந்த இடத்துக்குப் போகப் பயம் என்று சின்னப் பயத்திலிருந்து பெரிய பயம் வரை வரிசையாக எழுத வேண்டும். பிறகு கீழே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். மறைப்பதற்கு ஆளுக்கொரு தந்திரம் இருக்கும். துப்பட்டா, முன்னால் இழுத்துவிட்ட முடி, பஸ்ஸில் எப்போதும் இடது ஜன்னல். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மளிகைக் கடைக்குள் போய் துவரம்பருப்பு வாங்குகிற ஒருவர்கூட இருந்தார். அந்தத் தந்திரங்களையும் ஒவ்வொன்றாக விட வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஐந்து கட்டம்: நாளும் இடமும், என்ன செய்யப் போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், பயம் பத்துக்கு எத்தனை, என்ன நடந்தது. கடைசிக் கட்டத்தை வீடு திரும்பியதும் எழுத வேண்டும்.

எங்கள் பங்கு வாரம் ஒருமுறை பத்து நிமிடத் தொலைபேசி மட்டும். கூடப் போகக் கூடாது. டாக்டரம்மா இதில் கறார். "புத்தகம் அவங்களுது, பேனா அவங்களுது, ரோடு அவங்களுது. நமக்கு போன் மட்டும்தான்" என்பார்.

பதினோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. 'நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்கள் உங்களைக் கவனிப்பதில்லை.' ஆங்கில மாதிரியில் இருந்ததை நான் அழகான தமிழில் எழுதிவிட்ட பெருமையில் இருந்தேன். ஊதாக் கன்னத்தோடு ரயிலில் போய்வந்த அதே ஆள்தான் அதை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கொரோனா காலத்தில் எங்கள் பிரிவில் கூட்டம் குறைந்தது. ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடந்ததால் எங்களிடம் வருகிறவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். மாஸ்க் கட்டாயமில்லை என்று ஆனதும் வரிசையாக வந்தார்கள். அப்படி வந்தவள்தான் ஜெயந்தி.

இருபத்தாறு வயது. அனகாபுத்தூர். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இடது நெற்றிப்பொட்டிலிருந்து தாடை வரை நாவல்பழ நிறத்தில் பிறவிக் குறி. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் விற்பனைப் பெண். வேலைக்குச் சேர்ந்ததே மாஸ்க் காலத்தில். இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. மதியச் சாப்பாடு மாடிப்படியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து.

"ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற அன்னிக்கு எல்லாரும் மாஸ்க்க கழட்டிடணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு சார். இன்னும் பதினெட்டு நாள்தான் கீது. கழட்டணும், இல்லாட்டி வேலைய வுடணும். வேலைய வுட்டா வூட்ல சோறு எறங்காது" என்றாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து முடித்துவிட்டு, "இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க?" என்று கேட்டார்.

"பேரா? எங்கம்மா கிரகணம்னு சொல்லும். என்னிய வயித்துல வெச்சிகினு கிரகணத்தன்னிக்கு வாசலுக்கு வந்துட்ச்சாம். எங்க அத்தைங்க அதையே சொல்லிச் சொல்லி எங்கம்மாவ அழ வெப்பாங்க. நானும் கிரகணம்னுதான் சொல்றது. வேற இன்னான்னு சொல்ல?"

"அப்போ நாங்களும் கிரகணம்னே சொல்றோம்" என்றார் டாக்டரம்மா. பிறகு, தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய் விஷயம் அது, அம்மா வாசலுக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் சொன்னார். பெயரை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. மூடநம்பிக்கைக்கு நாமே துணை போகலாமா என்று எனக்குள் இடித்தது. கேட்கவில்லை.

ஆறு வாரப் பயிற்சியைப் பதினெட்டு நாளில் அடக்க வேண்டியிருந்தது. ஜெயந்தி முதலில் செய்தது, மாஸ்க் இல்லாமல் அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ. அப்பா ஓட்டும் வண்டி இல்லை, வேறு வண்டி. 'மூணு நாலு பேர் பாப்பாங்க' என்று எழுதியிருந்தாள். பயம் எட்டு. நான் போன் செய்து, என்ன நடந்தது என்று எழுதியதைப் படிக்கச் சொன்னேன்.

"ஏழு பேரும் பாத்தாங்க சார். டிரைவர் கண்ணாடில பாத்தாரு. அதோட எட்டு. ஒரு அம்மா இன்னாமா மூஞ்சிலன்னு கேட்டுச்சு. கிரகணம்னேன். கல்யாணம் ஆச்சான்னுச்சு. இல்லேன்னேன். வேப்பெண்ணெய் தடவச் சொல்லிச்சு. இன்னோர் அம்மா அதெல்லாம் தடவாத, எரியும், திருநீர்மலைல ஒரு வைத்தியர் கீறாருன்னு போன் நம்பர் குடுத்துச்சு. ரெண்டு பேரும் அதுக்கு சண்ட போட்டுகினாங்க. கட்டத்துல எடமே பத்தல சார், பின்னட்டைல எழுதினேன். உங்க பதினோராம் பக்கத்துல யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு கீதே, அது எந்த ஊர்ல?"

நினைத்ததைவிட மோசமாக நடந்தால் என்ன செய்வது என்று நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. பயம் இப்போது எத்தனை என்று சும்மா கேட்டு வைத்தேன். "ஆறு" என்றாள். நான் மறுபடியும் கேட்டேன். ஆறுதான். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள், பயம் குறைந்திருக்கிறது. எங்கள் கணக்குப்படி அது கூடியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்த புத்தகக் கட்டை இறக்கினார். இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாப் பிரதியிலும் பதினோராம் பக்கத்தைக் கிழித்தோம். "ஏன் மேடம் குறைஞ்சுது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியல ஞானராஜ். அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். அவர் வாயிலிருந்து தெரியவில்லை என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தள்ளுபடி ஆரம்பித்த நாள் வந்தது. மத்தியானமே ஜெயந்தி போன் செய்தாள். வாசலில் செக்யூரிட்டி அவளை அடையாளம் தெரியாமல், கஸ்டமர் என்று நினைத்து, "வாங்க மேடம், புடவை நேரா உள்ள" என்றாராம். குரலைக் கேட்டதும்தான் அசந்துபோயிருக்கிறார். பக்கத்துக் கவுன்டர் பானு முகத்தைப் பார்த்துவிட்டு, "அட இவ்ளோதானா? நாங்க உனக்குப் பல்லு எடுப்புன்னுல நெனச்சிகினு இருந்தோம்" என்றாளாம். சொல்லிவிட்டு ஜெயந்தி சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கியது. அன்று மத்தியானம் அவள் படியில் உட்காரவில்லை. பானுவோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. மறுபடியும் போன். "சார், மேல அனுப்பிட்டாங்க. பேக்கிங் செக்ஷன். கூட்டம் அதிகமா கீது, அங்க ஆள் வேணும்னு மேனேஜர் சொன்னாரு. ஆனா கீழ என் எடத்துல புதுப் பொண்ண நிக்க வெச்சிட்டாரு" என்றாள். அழவில்லை. அடுத்த வாரம் மேனேஜரிடம் தானே கேட்கப் போவதாகவும், அதைப் புத்தகத்தில் எழுதிவிட்டதாகவும், பயம் ஒன்பது என்றும் சொன்னாள். நான் சரி என்று வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. இத்தனை பாடுபட்டு வெளியே வந்த பெண்ணைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டானே என்று கொதித்தது. மறுநாள் குரோம்பேட்டையில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். முன்கூட்டியே ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. மேனேஜர் மரியாதையான மனிதர், நாற்காலி போட்டார். மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றேன். ஒருவர் எங்களிடம் வருகிறார் என்பதையே வெளியில் சொல்லக் கூடாது. அந்த விதியை அங்கேயே உடைத்தேன். அதற்கு மேலும் பேசினேன்.

"பாவம் சார் அந்தப் பொண்ணு. ரொம்பக் கஷ்டப்பட்டு இப்பதான் வெளிய வந்திருக்கா. கொஞ்சம் மனசு வைங்க."

மேனேஜரின் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. திரும்பினேன். மாடிப்படியின் கடைசிப் படியில் ஜெயந்தி, கை நிறையப் பேக்கிங் பைகளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பைகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபடி மேலே ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இருபது நாள் கழித்து அவளுடைய புத்தகம் தபாலில் வந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தேன். மேனேஜரிடம் தானே கேட்கப் போவதாக எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்திருந்தாள். அதற்குக் கீழே இப்படி இருந்தது.

என்ன செய்யப் போகிறேன்: 'நான் ஒன்னும் செய்யல. சார் செஞ்சார்.' என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்: 'சார் கடைக்கு வருவார்னு நினைக்கவே இல்ல.' பயம்: '0.' என்ன நடந்தது: 'பாவம்னு சொன்னார். அடுத்த நாளே என்ன கவுன்டர்ல நிக்க வெச்சாங்க. ஜெயந்தி கிட்ட பாத்து நடந்துக்கோங்கன்னு எல்லாருக்கும் சொன்னார் மேனேஜர். பானு கூட இப்ப மெதுவா பேசுறா. மாசக் கடைசில வேலைய விட்டு நின்னுட்டேன்.'

அதோடு முடியவில்லை. ஐந்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தில், அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம் செய்திருந்தாள். அதன் தலையில் 'கோபம்' என்று எழுதி, கீழே '10' என்று போட்டிருந்தாள்.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்குப் போனதையும் அப்போதுதான் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

என்னிடம் அப்புறம் இல்லை. நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. ஒரு மாதம் எனக்குத் தொலைபேசி வேலை கிடையாது என்றார். அந்த ஒரு மாதமும் எல்லாப் புத்தகத்திலும் எல்லாப் பக்கத்திலும் ஓரத்தில் ஆறாவதாக ஒரு கோடு போடச் சொன்னார். "தலைப்பு என்ன எழுதட்டும் மேடம், கோபமா?" என்று கேட்டேன். "நாம எழுத வேண்டாம். ஏற்கெனவே நாம எழுதினதுல ஒரு பக்கத்தைக் கிழிச்சாச்சு" என்றார். பிறகு அச்சடித்த பதிப்புகளிலும் அந்தக் கோடு அப்படியே தலைப்பில்லாமல் வந்தது.

தம்பி, பாப்பா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அது அச்சுப் பிழை இல்லை, என் பிழை. ஜெயந்தியின் கேஸ் வெற்றியா தோல்வியா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். ஆப்பில் அதற்கு ஏதோ பச்சை, சிவப்பு வேறு வைத்திருக்கிறீர்களாம். பயம் பூஜ்யம் ஆனது. புத்தகத்தின்படி அது முழு வெற்றி. ஆனால் அது பயிற்சியால் ஆனதா, கோபத்தால் ஆனதா? நான் போகாமல் இருந்திருந்தால் அவளே கேட்டு அவளே இறங்கி வந்திருப்பாளா, இல்லை மாடியிலேயே இருந்திருப்பாளா? பாவம் என்ற சொல்லால் கிடைத்த கவுன்டரை அவள் விட்டது சரியா? அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் வேண்டுமே. இதையெல்லாம் நடைப்பயிற்சியில் யோசித்து யோசித்து இரண்டு முறை என் தெருவைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுகந்திக்குப் புடவை எடுக்கக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். உள்ளே நுழைந்து மூன்றாவது கவுன்டர். வாசலில் வருகிற யாருக்கும் முதலில் கண்ணில் படும் இடம். அங்கே ஜெயந்தி நின்றிருந்தாள். முடியை இழுத்துப் பின்னியிருந்தாள். இடது கன்னம் விளக்கு வெளிச்சத்தில் முழுக்கத் தெரிந்தது.

நான் அப்படியே திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் சுகந்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எதுவும் கைக்கு வரவில்லை. கன்னத்தைப் பார்த்தால் ஒரு மாதிரி, பார்க்காவிட்டால் இன்னொரு மாதிரி. கண்ணைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நெற்றி, வளையல், பின்னாலிருந்த அலமாரி என்று என் பார்வை எங்கெங்கோ போய்வந்தது. பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டிருந்தால் ஒன்பது என்றிருப்பேன்.

"ஜெயந்தி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சார், எங்க பாக்குறதுன்னு தெர்லயா?" என்றாள். ஒரு புடவையை உதறி எங்கள் முன்னால் விரித்தாள். "பொடவையப் பாருங்க."

சுகந்தி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"சார் எங்க பழைய கடைக்கு ஒரு தடவ வந்தாரு மேடம்" என்றாள் ஜெயந்தி, அடுத்த புடவையை எடுத்துக்கொண்டே. "ஒன்னும் வாங்கல."

அன்று நாங்கள் மூன்று புடவை வாங்கினோம்.